நோயாளியைத் தூக்குகிறவரின் முதுகு
(பழைய மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்துவிட்டு பிசியோதெரபி பக்கம் போனவன் நான். இயன்முறை மருத்துவம் என்று தமிழில் அழகாகச் சொல்கிறார்கள். நம்ம ஊரில் இன்னமும் "கை கால் நீட்டி மடக்க வைக்கிறவர்" என்றால்தான் புரியும். அதிலும் குறையில்லை, வேலை அதுதான்.

சங்கச் செயலாளர் போன் செய்து, "அண்ணே, முதுகுவலி வராம இருக்க பத்து யோசனைன்னு பேசிடுங்க, எல்லாருக்கும் பிரயோஜனமா இருக்கும்" என்றார். பேசலாம்தான். ஆனால் அந்தப் பத்து யோசனையையும் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே தன் முதுகைத் தொலைத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றி எந்த மேடையிலும் யாரும் பேசிக் கேட்டதில்லை. இன்று அவர்களைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னேன். அவரும் பெருந்தன்மையாகச் சரி என்றார்.

எங்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். இங்கே இருப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் பி.பி.டி. படிக்கிறார்கள், நர்சிங் படிக்கிறார்கள். படிக்காதவர்கள் வீட்டில் அப்பாவோ மாமியாரோ பக்கவாதத்தில் படுத்திருக்கலாம். அவர்களைக் காலையில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது யார்? வீட்டில் இருக்கிற ஒரு பெண்மணி. சம்பளம் இல்லாத பிசியோதெரபிஸ்ட் அவர்தான். ஆகையால் இது உங்கள் வீட்டு விஷயமும்கூட.

முதலில் கனத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. சுமை தூக்கும் நண்பர்கள் அதை எப்படித் தூக்குகிறார்கள் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? குனிந்து ஒற்றையாளாக அள்ளிப் போடமாட்டார்கள். இரண்டு பேர் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிவிடுவார்கள், மூன்றாமவர் முதுகிலோ தலையிலோ வாங்கிக்கொள்வார். அவ்வளவு பழக்கப்பட்ட உடம்புக்கே அந்த ஏற்பாடு. மூட்டைக்கு இன்னொரு நல்ல குணம் உண்டு: அது பயப்படாது. திடீரென்று உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளாது. பாதி வழியில் முழங்கால் மடங்கி உட்காராது.

நோயாளி அப்படியா? 60 கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கால் மட்டுமே ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். செயலிழந்த அந்தக் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பதினைந்து முறை மடக்கி நீட்ட வேண்டும். அதுவும் உடம்போடு அணைத்துப் பிடிக்க முடியாது, கையை நீட்டித்தான் பிடிக்க வேண்டும். ஒரு குடம் தண்ணீரை இடுப்பில் வைத்துக்கொள்வதற்கும், கையை நீட்டி எதிரே பிடித்துக்கொண்டு நிற்பதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும் அல்லவா? இடுப்பு எலும்புகளின் நடுவே இருக்கும் டிஸ்க்குக்கும் அந்த வித்தியாசம் தெரியும். அமெரிக்காவில் தொழில் பாதுகாப்பை ஆராயும் அரசு நிறுவனத்தைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் என்பவர் 2007-இல் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார். எல்லாம் சாதகமாக இருந்தால்கூட, நோயாளியைக் கையால் தூக்குகிறவர் தாங்குகிற பாரம் 35 பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்றார். அதாவது சுமார் 16 கிலோ. நம் சிப்பத்தில் பாதிகூட இல்லை! எந்த ஊரில் எந்த நோயாளி 16 கிலோவில் வருகிறார்?

சரி, இதனால் என்ன ஆகிறது? 1985-இல் கலிபோர்னியாவில் பிசியோதெரபிஸ்டுகளை விசாரித்தார்கள். 100 பேரில் 29 பேருக்கு வேலையினால் இடுப்புவலி. அதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது அந்த எண்ணிக்கை அல்ல. வலி முதன்முதலில் வந்த வயதுதான். பெரும்பாலும் 21-லிருந்து 30-க்குள், வேலைக்குச் சேர்ந்த முதல் நான்கைந்து வருடங்களில். தேய்ந்து தேய்ந்து வயதான காலத்தில் வருகிற வலி என்றுதானே நாம் நினைப்போம்? இல்லை, புதுசாகச் சேர்ந்த பிள்ளைக்குத்தான் முதல் அடி. எங்கேயும் நடைமுறை அப்படித்தானே? கனமான நோயாளி வந்தால், "தம்பி, நீ போய்ப் பாரு." சீனியர் நாற்காலியில் இருப்பார்.

2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இன்னொரு ஆய்வு வந்தது. குரோமி என்பவரும் சகாக்களும் செய்தது. இடுப்பு, கழுத்து, கட்டைவிரல் என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். தொழிலில் இருக்கும் காலத்தில் ஏதாவது ஒரு முறையாவது வேலையினால் வலி வந்தது என்றவர்கள் 100-க்கு 91 பேர். அந்த வலியினாலேயே ஆறில் ஒருவர் வேறு பிரிவுக்கு மாறியிருந்தார், அல்லது தொழிலையே விட்டிருந்தார். அதே குழுவினர் பிற்பாடு அந்தப் பிசியோதெரபிஸ்டுகளோடு உட்கார்ந்து பேசினார்கள். அதில் வெளிப்பட்டதுதான் என்னைப் பொறுத்தவரை நோயின் வேர். "எனக்கு உடற்கூறு தெரியும், எப்படித் தூக்குவது என்று தெரியும், ஆகவே எனக்கு ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கை.

டிஸ்க்குக்கு உங்கள் டிகிரி தெரியாது ஐயா!

ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் வேண்டாம், மருத்துவமனையின் பெயரும் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாலரை வருடம் படித்துவிட்டு வேலைக்கு வந்த பிள்ளை, கெட்டிக்காரி. பக்கவாதம் வந்த பெரியவர் ஒருவரை நடக்க வைத்துக்கொண்டிருந்தாள். நல்ல தாட்டியான உடம்பு அவருக்கு. உதவிக்கு இருக்க வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். நாலாவது அடியில் பெரியவரின் முழங்கால் மடங்கிவிட்டது. இவள் விடவில்லை. அவர் பாரம் முழுவதையும் தன் மேல் வாங்கி, மெதுவாகத் தரையில் உட்கார வைத்துவிட்டாள். அவருக்கு ஒரு கீறல் இல்லை. உறவினர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். மறுநாள் காலையில் இவளால் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

இரண்டு நாள் லீவு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நிர்வாகத்திலிருந்து போன். "நீங்களே பிசியோ, உங்களுக்கே முதுகுவலியா? வெளியில தெரிஞ்சா நம்ம டிபார்ட்மெண்டுக்கு யாரு வருவா?" சிரித்துக்கொண்டுதான் கேட்டார்களாம். அந்தப் பிள்ளை பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தது. எட்டு மாதம் அப்படியே வந்தது. பிறகு கால் மரத்துப் போக ஆரம்பித்ததும் தொழிலை விட்டுவிட்டது. இப்போது வேறு வேலை. போன மாதம் பார்த்தேன், "நல்லா இருக்கேன் சார், ஆனா யாரையாவது நடக்க வைக்கணும்போல இருக்கு" என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அவள் ஒருத்தியின் நஷ்டம் மட்டுமா இது? நாலரை வருடப் படிப்பு போயிற்று. அவள் இருந்திருந்தால் இன்னும் முப்பது வருடத்தில் எத்தனை பேரை நடக்க வைத்திருப்பாள்? அந்தக் கணக்கை எந்த மருத்துவமனையும் எழுதி வைப்பதில்லை.

இதில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. ஏணியிலிருந்து விழுந்தவருக்கு நாள் உண்டு, நேரம் உண்டு, பார்த்த சாட்சி உண்டு. இழப்பீடு கேட்க ஒரு பிடி இருக்கிறது. பத்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போன முதுகுக்கு எந்தத் தேதியைப் போடுவது? ஆகையால் தம்பி தங்கைகளே, இந்தத் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாள், எந்த வேலை செய்தபோது, எங்கே வலித்தது, யாரிடம் சொன்னீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். துறைத் தலைவரிடம் வாயால் சொல்வதோடு விடாமல் எழுதியும் கொடுங்கள். கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை.

வலியை மறைப்பதைப் பற்றிச் சொல்லும்போது வேலூர் ஞாபகம் வருகிறது. அங்கே கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கைகளை அறுவைச் சிகிச்சையால் சீராக்கிப் பெயர் பெற்றவர். தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி போய்விடுவதால் சூடு பட்டாலும் வெட்டுப் பட்டாலும் தெரியாமல் அடிமேல் அடிபட்டுத்தான் அழிகின்றன என்று எடுத்துக் காட்டியவர் அவர். வலி என்பது உடம்புக்குக் காவல்காரன் என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய நோயாளிகளுக்கு அந்தக் காவல்காரன் இல்லை. எங்களுக்கு இருக்கிறான், தினமும் கதவைத் தட்டுகிறான், நாங்கள் "வேலை இருக்கு, அப்புறம் வா" என்று மாத்திரை போட்டு அனுப்பிவிடுகிறோம்.

அதே வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ். 1954-இல் நடந்த ஒரு கார் விபத்தில் முதுகுத்தண்டு முறிந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. டாக்டர் வேலை முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். தொழுநோயாளிகளின் கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம் அல்லவா? சக்கர நாற்காலியில் இருந்தபடியே செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. 1972-இல் பத்மஸ்ரீ. அவருடைய மன உறுதியைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேச வேண்டியதுதான். நான் பார்ப்பது வேறு ஒன்றை. அவரை எழுந்து நில் என்று யாரும் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு வேலை வந்தது. அவர் ஒருவருக்காகச் செய்ய முடிந்ததை இரண்டு கால்களும் நன்றாக இருக்கும் ஆயிரம் பிள்ளைகளுக்காக ஏன் செய்யக்கூடாது? உயரத்தை ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்று வாங்கச் சொன்னால், "பட்ஜெட் இல்லை" என்கிறார்கள். வரவேற்பறையில் மீன் தொட்டி இருக்கிறது.

பயிற்சி கொடுத்தால் போதாதா, குனியாதே, முழங்காலை மடக்கித் தூக்கு என்று சொல்லிக் கொடுத்தால் ஆகாதா என்று கேட்பார்கள். நானும் வருடக்கணக்காக அந்தப் பாடம் நடத்தியிருக்கிறேன். 2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில், இப்படித் தூக்கும் முறை சொல்லிக் கொடுத்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். அந்தப் பயிற்சியால் முதுகுவலி குறைந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. பாடம் தப்பு என்று அர்த்தமில்லை. பாடத்தில் நோயாளி நடு அறையில், சரியான உயரத்தில், சொன்னபடி கேட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். நிஜத்தில் கட்டிலின் ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் பீரோ.

நம் பக்கத்து வீடுகளில் கட்டிலே இல்லாமலும் இருக்கும். பாயில் படுத்திருப்பார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வீட்டுக்கே போய்ப் பிசியோதெரபி கொடுக்க வழி செய்தார்கள். ஆஸ்பத்திரிக்கு வர வண்டிச் செலவு இல்லாத கிராமத்து ஜனங்களுக்கு இது பெரிய காரியம், சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்குப் போகிற பிசியோதெரபிஸ்ட் எப்படி வேலை செய்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். நிலையில் தலை இடிக்காமல் குனிந்து நுழைய வேண்டும். தரையில் மண்டியிட்டுக் கால்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். பிறகு தரையிலிருந்து ஆளை எழுப்ப வேண்டும். அடுத்த வீட்டில் மறுபடியும் அதே வேலை.

ஒரு முறை இங்கே பக்கத்துக் கிராமத்தில் ஒரு பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிவுக்குப் பிறகு பயிற்சி கொடுத்துவிட்டு எழுந்தேன். எழும்போது என்னை அறியாமல் கை இடுப்புக்குப் போய்விட்டது. பாட்டி பார்த்துவிட்டது. "ஏந் தம்பி, நீ எனக்கு வைத்தியம் பாக்க வந்தியா, நான் ஒனக்குப் பாக்கணுமா?" என்றது. அதோடு விடவில்லை. நடவுக்குப் போன காலத்தில் வரப்புக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து நிமிர்ந்து, இடுப்பை வளைத்து, ஒரு வாய் வெற்றிலை போட்டுக்கொண்டுதான் அடுத்த வயலில் இறங்குவார்களாம். "ஒங்க ஆபீசுல நிமிர வரப்பு கெடையாதா?" இந்தத் தொழிலைப் பற்றி இதைவிட நல்ல கேள்வியை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. இரண்டு நோயாளிகளுக்கு நடுவே ஐந்து நிமிடம் கேட்டால் எங்களைச் சோம்பேறி என்பார்கள்.

வரப்பு மட்டுமில்லை, நம் ஊரில் இன்னொரு பாடமும் இருக்கிறது. பங்குனியில் ராஜகோபாலசுவாமி கோயில் திருவிழா 18 நாள். சுவாமியைத் தோளில் ஏந்தி வரும் ஸ்ரீபாதம்தாங்கிகளைச் சிறு வயதிலிருந்து எல்லோரும் பார்த்திருக்கிறோம். இப்போது பிசியோதெரபிஸ்டின் கண்ணோடு பாருங்கள். உயரம் பார்த்து ஆட்களை நிறுத்துகிறார்கள். தோளுக்கும் தண்டுக்கும் நடுவே துணியை மடித்து வைத்துக்கொள்கிறார்கள். குரல் கொடுத்த பிறகுதான் எல்லோரும் சேர்ந்து தூக்குகிறார்கள். தோள் மாற்றிக்கொள்கிறார்கள். நின்றால் பாரத்தைத் தாங்குகோலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். நான் தனியாகவே தூக்கிவிடுவேன் என்று ஒருவர் வந்தால் பக்திமான் என்று மெச்சமாட்டார்கள், ஓரமாக நில் என்பார்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏனோ தனியாகத் தூக்குகிறவருக்குத்தான் நல்ல பெயர்.

என் கதையையும் கேட்பீர்கள். 36 வருடம் எப்படித் தாக்குப்பிடித்தாய் என்று. முழுசாகத் தாக்குப்பிடிக்கவில்லை. வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. முதுகெலும்பை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்தி அசைத்துவிடும் சிகிச்சை முறை எங்களிடம் உண்டு, அதன் கூலி. நான் சொன்ன விக்டோரியா ஆய்விலும் மூன்றில் ஒருவருக்கு ஒரு வருடத்துக்குள் கட்டைவிரல் வலி இருந்திருக்கிறது. இன்று தண்ணீர் பாட்டில் மூடியைத் திறக்க பேரன் வேண்டும். ஊரில் எத்தனையோ பேர் கையைச் சரிசெய்தவர் என்று அவனிடம் பெருமையாகச் சொல்லிவைத்திருக்கிறார்கள், அவன் என்னை ஒரு மாதிரி பார்க்கிறான்.

நாற்பத்தைந்து வயதில் வேலையின் உருவத்தை மாற்றிக்கொண்டேன். கட்டைவிரல் செய்ததை முழங்கைக்கும் பெல்ட்டுக்கும் கொடுத்தேன். காலையில் இரண்டு கனமான நோயாளிகளை அடுத்தடுத்துப் பார்ப்பதில்லை, நடுவில் ஒரு கை நோயாளி அல்லது கழுத்து நோயாளி. முக்கியமாக, நோயாளி தானே செய்யக்கூடியதை நான் செய்வதை நிறுத்தினேன். நோயாளிக்கும் அதுதான் நல்லது. நாம் தூக்கிவிட்டால் நம் தசைதான் வளரும். ஆனால் வீட்டார் கோபித்துக்கொள்வார்கள், "காசு வாங்கிட்டு சும்மா உக்காந்து சொல்றாரு" என்று. அதைக் கேட்டுச் சிரிக்கப் பழக வேண்டும்.

இங்கிலாந்தில் 1992-இல் ஒரு விதி கொண்டுவந்தார்கள். ஆபத்தான பாரத்தை ஊழியர் கையால் தூக்குவதை இயன்றவரை தவிர்க்க வேண்டியது முதலாளியின் கடமை என்று. நோயாளியைத் தூக்குவதும் அதில் அடக்கம். "ஜாக்கிரதையாகத் தூக்கு" என்று ஊழியருக்குச் சொல்வதற்கு முன்னால், தூக்க வேண்டிய அவசியமே வராமல் பார்க்க வேண்டியது நிர்வாகம். அங்கே வேலை செய்யும் நம் பழைய மாணவர்கள் இரண்டு பேர் இன்று வந்திருக்கிறார்கள். நோயாளியைத் துணித் தொட்டிலில் வைத்துத் தூக்கும் ஹாய்ஸ்ட் என்ற கருவியைப் பற்றி அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே அது வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கட்டில் தாழ்வாக இருந்தால் கால்களுக்குக் குழி வைத்த மரக்கட்டை முட்டுக் கொடுக்கலாம். பழைய நைலான் புடவையை இரண்டாக மடித்து அடியில் விரித்தால், படுத்திருப்பவரைத் தூக்காமல் வழுக்கி நகர்த்தலாம். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நகர, நம் ஊர் ஆசாரியிடம் சொன்னால் வழவழவென்று இழைத்த பலகை ஒன்று செய்துகொடுப்பார், ஓரத்தை மட்டும் உருட்டச் சொல்லுங்கள். நோயாளியின் இடுப்பில் கட்ட அகலமான, கைப்பிடி வைத்த பெல்ட்டைத் தையல்காரரிடமே தைத்துக்கொள்ளலாம். அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதை மட்டும் விட்டுவிடுங்கள், பக்கவாதக்காரரின் தோள்மூட்டு இறங்கிவிடும், உங்கள் இடுப்பும் போய்விடும்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வருடா வருடம் நாம் கொடுக்கும் நன்கொடையில் இந்த முறை சுவர்க் கடிகாரத்துக்குப் பதிலாக பத்துப் பலகையும் பத்துப் பெல்ட்டும் செய்து, இந்தச் சுற்று வட்டாரத்தில் வீடு வீடாகப் போகும் பிசியோதெரபிஸ்டுகளின் கையில் கொடுப்போம். செலவு நான் விசாரித்துவிட்டேன், பொருளாளரிடம் சீட்டு கொடுத்திருக்கிறேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்கு விலங்கியல் ஆய்வகத்தில் ஒரு கட்டில் போடச் சொல்லியிருக்கிறேன். பலகை, பெல்ட், நைலான் புடவை எல்லாம் கொண்டுவந்திருக்கிறேன். வீட்டில் படுத்திருப்பவர்களை வைத்துக் கஷ்டப்படுகிறவர்கள் அவசியம் வாருங்கள், கையால் செய்து பார்த்துவிட்டுப் போகலாம். நோயாளியாக நடிக்க 80 கிலோவுக்குக் குறையாத ஒருவர் வேண்டும். செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.